உப்பில்லாத மண்டலம்

சாப்பாட்டு விஷயத்தில் தான் ஒரு சாது என்று பாஷ்யம் எல்லோரிடமும் சொல்லிக்கொள்வார். எதைப் போட்டாலும் சாப்பிடுவாராம், குறையே சொல்ல மாட்டாராம். உண்மை என்னவென்றால், குறை சொல்ல அவர் மனைவி நாமகிரி இத்தனை வருஷத்தில் அவருக்கு இடமே கொடுத்ததில்லை.

திருப்பதி கோவிந்தராஜ சுவாமி கோயிலில் பாசுரம் சேவிக்கும் கோஷ்டியில் ஒருவர் அவர். பெருமாளுக்குக் காட்டாத பண்டத்தை வாயில் வைக்கும் வழக்கம் அந்த வீட்டில் கிடையாது. கொதிக்கும்போதே உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு நக்கிப் பார்க்கிற சலுகையெல்லாம் மற்ற வீட்டுப் பெண்களுக்குத்தான். நாமகிரி உப்பைக் கையால் அள்ளுவாள், போடுவாள், மூடுவாள். ருசி பார்க்காமலே அந்தக் கை தப்பாது.

அதனால்தான் அந்தச் சனிக்கிழமை சாத்துமது உப்புக் கரித்தபோது பாஷ்யம் திடுக்கிட்டுப் போனார். சாத்துமது என்றால் ரசம்தான். வைஷ்ணவர் வீட்டில் அதற்கு அப்படி ஒரு மரியாதை.

"என்னடி, ரெண்டு தடவை போட்டுட்டியா?"

"போட்டேனா?" என்றாள் நாமகிரி. அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. ஒன்று கேட்டால் பத்து சொல்கிறவள் அவள். இவரோ அதைக் கவனிக்காமல், இவள் உப்பில்லாமல் இருக்கிறாள், இவள் பங்கும் சேர்ந்து என் தலையில் விழுகிறது என்று தனக்குத்தானே சிரித்துக்கொண்டு மோருக்குப் போய்விட்டார்.

நாமகிரி உப்பை விட்டதற்குக் காரணம் அவர்கள் மகள் அலர்மேல். சித்தூரில் ஜூனியர் காலேஜில் உயிரியல் சொல்லிக்கொடுக்கிறவள். இரண்டு முறை வயிற்றில் தங்காமல் போய், மூன்றாவது முறை அவள் படுக்கையோடு கிடந்தபோது நாமகிரி பெருமாளிடம் வேண்டிக்கொண்டாள். குழந்தை நல்லபடியாகப் பிறந்தால் ஒரு மண்டலம், நாற்பத்தெட்டு நாள், உப்பை வாயில் வைக்கமாட்டேன் என்று. குழந்தை பிறந்தது. பெண் குழந்தை, குரல் தெருவுக்கே கேட்கும். பிறந்த வீட்டில் மூன்று மாதம் இருந்துவிட்டுத் தாயும் சேயும் சித்தூருக்குப் போனதும், நாமகிரி அடுப்படி உப்பு ஜாடியை ஒரு பார்வை பார்த்துவிட்டு விரதத்தைத் தொடங்கினாள்.

தொடங்கிய நேரம்தான் சரியில்லை. வைகாசி வெயில். ஏழுமலைப் பாறைகளும் பகலெல்லாம் வாங்கிய சூட்டை ஊருக்குள் திருப்பி விடுகிற மாதம். உப்பில்லாத சாதம் தொண்டையில் எளிதாக இறங்குமா? ஒவ்வொரு கவளத்துக்கும் ஒரு மடக்குத் தண்ணீர். பாஷ்யமே செம்பை நிரப்பி நிரப்பிப் பக்கத்தில் வைப்பார். அன்பை வாய்விட்டுச் சொல்லத் தெரியாத மனிதருக்குத் தண்ணீர் வசதியான பொருள். "குடி, குடி, வெயில் கொளுத்தறது" என்று சொல்லிவிட்டால் எல்லாம் சொன்ன மாதிரி. பிரஷருக்கு அவள் வழக்கமாக விழுங்கும் மாத்திரையையும் வேளை தவறாமல் அவரே எடுத்துக் கொடுத்தார். விரதத்துக்கும் மாத்திரைக்கும் ஒரு சம்பந்தம் இருக்கலாம் என்று இருவருக்குமே தோன்றவில்லை.

சனிக்கிழமைக்குப் பிறகு நாமகிரிக்குத் தலைவலி. ஞாயிறன்று வாசலில் கோலத்தைப் பாதியில் விட்டுவிட்டு உள்ளே வந்துவிட்டாள். திங்களன்று அடுப்பைப் பற்றவைக்காமலே பாலை வைத்துவிட்டு அது பொங்குவதற்காக நின்றுகொண்டிருந்தாள். குமட்டுகிறது என்றாள். பாஷ்யம் துளசி போட்ட தண்ணீர் கொடுத்தார். தூக்கமாக வருகிறது என்றாள். எழுப்பி உட்காரவைத்து மறுபடி கொடுத்தார். குடித்த கொஞ்ச நேரம் தெளிந்தவள்போல இருப்பாள், அதற்காகவே இன்னொரு தம்ளர். செவ்வாய்க்கிழமை காலையில் அவரைப் பார்த்து, "கிட்டு, எப்போ வந்தே? ஆத்துக்காரி வரலையா?" என்று கேட்டாள். கிட்டு அவள் தம்பி. போய்ச் சேர்ந்து பல வருஷமாகிவிட்டது.

பாஷ்யம் வாசலுக்கு ஓடி எதிர்வீட்டைப் பார்த்துக் குரல் கொடுத்தார். எதிர்வீட்டு வேணு ஆட்டோவை எடுத்து வருவதற்குள் நாமகிரி பேச்சையும் நிறுத்திவிட்டாள். வேணு அவளைக் குழந்தையைப்போல இரண்டு கையாலும் தூக்கி ஆட்டோவில் உட்காரவைத்தான். பாஷ்யம் ஒரு கையால் அவள் தலையைத் தாங்கிக்கொண்டு, மறு கையில் தண்ணீர் பாட்டிலோடு ஏறினார். வழியெல்லாம் அவள் உதட்டில் விட்டுக்கொண்டே போனார்.

ஆஸ்பத்திரியில் அதை முதலில் பார்த்தவள் ரத்னம்மா என்ற நர்ஸ். சித்தூரை ஒட்டிய புத்தலப்பட்டுப் பக்கத்துப் பெண். கையிலிருந்த பாட்டிலைப் பட்டென்று பிடுங்கிவிட்டாள்.

"இன்னா சாமி இது? மயக்கத்துல கீறாங்க, தண்ணிய ஊத்திக்கினு கீறீங்க? டாக்டரு வர்ற வரிக்கும் ஒரு சொட்டு குடுக்கக்கூடாது, ஆமா!"

ரத்தம் எடுத்தார்கள். டாக்டர் சந்திரசேகர் சித்தூர்க்காரர், இளைஞர். காகிதத்தைப் பார்த்ததும் முகம் மாறிவிட்டது.

"ரத்தத்துல உப்பு ரொம்பக் கீழ போயிடுச்சு சாமி. நூத்தி முப்பத்தஞ்சுக்கு மேல இருக்கணும். நூத்திப் பதினாலுதான் இருக்கு. அதனால மூளையில நீர் கோத்து வீங்கியிருக்கு. உப்பே சாப்பிடலையா இவங்க?"

பாஷ்யம் விரதத்தைச் சொன்னார். தண்ணீரையும் மாத்திரையையும் சொன்னார். சொல்லச் சொல்ல டாக்டரின் தலை மெல்ல ஆடியது. அந்த மாத்திரை சிறுநீரோடு உப்பையும் வெளியேற்றுகிற ஜாதியாம். உள்ளே வருகிற உப்பை அவள் நிறுத்தினாள், இருந்த உப்பை மாத்திரை இறக்கியது, மிச்சத்தை இவர் தண்ணீர் விட்டுக் கரைத்தார்.

"இது எப்போ ஆரம்பிச்சது? சரியா ஞாபகப்படுத்திச் சொல்லுங்க. அதை வச்சுதான் எவ்வளவு வேகமா உப்பு ஏத்தலாம்னு முடிவு பண்ணணும்."

எல்லோரையும் போல இன்று காலை என்றுதான் பாஷ்யம் சொல்ல இருந்தார். வாயில் வந்தது வேறு.

"சனிக்கிழமை. சாத்துமதுல உப்பு ரெண்டு தடவை விழுந்தது."

சொன்ன பிறகு அசட்டுத்தனமாகத் தோன்றியது. டாக்டர் சிரிக்கவில்லை. "வழக்கமா அப்படி ஆகாதா?" என்று கேட்டார். "ஒரு நாளும் ஆகாது" என்றார் பாஷ்யம். டாக்டர் ரத்னம்மாவிடம் திரும்பி, "மூணு நாளுக்கு மேல ஆயிடுச்சு. மெதுவாத்தான் ஏத்தணும், பாத்துக்கோ" என்றார்.

கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு அலர்மேல் சித்தூரிலிருந்து வந்து சேர்ந்தபோது, பாஷ்யம் வராந்தா பெஞ்சில் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தார். உள்ளே நாமகிரியின் கையில் சொட்டு மருந்து ஏறிக்கொண்டிருந்தது. டாக்டரிடம் பேசிவிட்டு வந்து மகள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"தண்ணி எப்படிடி கெடுதல் பண்ணும்?" என்றார் பாஷ்யம். "பெருமாளுக்குக்கூடத் தீர்த்தம்தானே முதல்ல சமர்ப்பிக்கறோம். அதைத்தானே அவளுக்கும் கொடுத்தேன்."

"தண்ணி நல்லதுதாம்பா. ஆனா அதுக்குத் தனியா இருக்கத் தெரியாது. எங்கே உப்பு ஜாஸ்தியா இருக்கோ அந்தப் பக்கம் போயிடும். அம்மா மாவடு போடறதைப் பார்த்திருக்கேளே. கல்லுப்பைப் போட்டுக் குலுக்கி வச்சா மறுநாள் ஜாடியில தண்ணி நிக்கறதே, அது யார் விட்டது?"

"வடு விடற தண்ணி."

"உப்பு வெளியில இருக்கு, உள்ளே இருந்த தண்ணி அதைத் தேடிண்டு வெளியில வந்துடறது. வடு சுருங்கிடறது. இப்போ அம்மாவுக்கு ஆனது அதுக்கு நேர் தலைகீழ். ரத்தத்துல உப்பு குறைஞ்சுபோச்சு. உடம்புல இருக்கற ஒவ்வொரு செல்லுக்குள்ளேயும் அதைவிட ஜாஸ்தி. தண்ணி எல்லாம் உள்ளே போயிடுத்து. திருக்கண்ணமுதுப் பாயசத்துக்குத் திராட்சையை ஊறப்போட்டா பருத்துடுமே, அந்த மாதிரி. கை கால் பருத்தா தோல் கொஞ்சம் இடம் கொடுக்கும். மண்டை ஓடு கொடுக்காது."

பாஷ்யம் மாவடுப் பிரியர். சித்தூர் ஜில்லாவில் மாவடு இறங்கும் பருவத்தில் வீட்டில் நான்கு ஜாடி நிரம்ப வேண்டும் அவருக்கு. இத்தனை வருஷம் சுவைத்துச் சுவைத்துத் தின்ற வடு, எதனால் சுருங்கியது என்று ஒரு நாளாவது யோசித்ததுண்டா?

"அப்போ சீக்கிரமா உப்பை ஏத்தச் சொல்லேன்."

"ஏத்தக்கூடாதுப்பா. மூணு நாளா மூளை அந்தத் தண்ணிக்குப் பழகியிருக்கு. இப்போ சட்டுனு உப்பை ஏத்தினா தண்ணி ஒரேயடியா வெளியில ஓடி வந்துடும். வடு மாதிரி ஆயிடும். அது இதைவிட ஆபத்து." அவள் நிறுத்தி, அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "இன்னிக்குக் காலையிலதான் ஆரம்பிச்சதுன்னு நீங்க சொல்லியிருந்தா டாக்டர் வேகமா ஏத்தியிருப்பாராம். சனிக்கிழமைன்னு சொன்னேளே, பெரிய உபகாரம் பண்ணினேள்னு சொன்னார்."

அதைக் கேட்டுப் பாஷ்யத்துக்குச் சமாதானம் ஒன்றும் ஆகிவிடவில்லை. ஆனாலும் பெஞ்சில் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார முடிந்தது. குழந்தையை வாங்கி மடியில் போட்டுக்கொண்டார்.

வியாழக்கிழமை காலையில் நாமகிரி கண்ணை விழித்துச் சுற்றிலும் பார்த்தாள். இது ஆஸ்பத்திரி என்று தெரிந்தது. அவர் பாஷ்யம் என்றும் தெரிந்தது. "வேஷ்டியை மாத்தலையா நீங்கோ?" என்பதுதான் முதல் வார்த்தை. பாஷ்யத்துக்குத் திருமலை தரிசனம் கிடைத்த மாதிரி இருந்தது.

அந்தச் சந்தோஷம் ரத்னம்மா கஞ்சி கொண்டுவரும் வரைக்கும்தான்.

"இந்த பாட்டில்ல இன்னா கீதுன்னு கேட்டீங்களே அம்மா, உப்புத் தண்ணிதான். இனிமே அது வாணாம். கஞ்சில உப்பு போட்டுக்கீது, துன்னுங்க" என்று அவள் வெள்ளை மனதோடு சொல்லிவிட்டாள்.

நாமகிரி கிண்ணத்தை நகர்த்திவிட்டாள். கையில் ஊசி குத்தியிருந்த இடத்தை ஏதோ களவு நடந்த இடம்போலப் பார்த்தாள்.

"எனக்குத் தெரியாம உப்பை ஏத்தியிருக்கேளா? இன்னும் மண்டலம் முடியலையேன்னா!"

"நாக்கு வழியாப் போகலைடி. அது கணக்கில்லை" என்றார் பாஷ்யம்.

"சரி, போனது போகட்டும். எனக்குப் பிரக்ஞை இல்லை, பெருமாள் பார்த்துப்பார். இதைத் தெரிஞ்சு எப்படித் தொடறது? மிச்சத்தை முடிச்சுட்டுத் தொடறேன்."

டாக்டர் வந்து சொன்னார். உப்பு இன்னும் பாதி தூரம்தான் ஏறியிருக்கிறது. மாத்திரையை நிறுத்தியாயிற்று, தண்ணீரையும் அளந்துதான் கொடுக்கிறோம், ஆனால் சாப்பாட்டில் உப்பு சேராவிட்டால் மறுபடி இறங்கிவிடும், இன்னொரு தடவை இப்படி வந்தால் பிழைப்பது கஷ்டம் என்று பூசி மெழுகாமல் சொன்னார். நாமகிரி மரியாதையாகக் கேட்டுக்கொண்டாள். கிண்ணம் இருந்த இடத்தில் இருந்தது.

அலர்மேலுக்குக் கோபம் வந்துவிட்டது. "அம்மா, குழந்தைக்கு ஒண்ணும் ஆகாது. நீ உப்புப் போட்டுண்டதால யாருக்கும் எதுவும் ஆகாது. நான் படிச்சுப் படிச்சுச் சொல்றேன்."

"நீ படிச்சவ. சொல்லுவே." நாமகிரியின் குரல் தணிந்திருந்தது. "ரெண்டு தடவையும் உன் பக்கத்துல உக்காண்டிருந்தவ நான். துணியைச் சுருட்டி எடுத்துண்டு போனவ நான். மூணாவது தடவை அவன்கிட்ட வார்த்தை கொடுத்தேன், அவன் கொடுத்துட்டான். வாங்கிண்டப்புறம் நான் பின்வாங்கினா? ஏதாவது ஒண்ணுன்னா, நான் உயிரோட இருந்து அதைப் பார்க்கணுமா?"

அலர்மேல் குழந்தையைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டாள். அது கையை உதறிக்கொண்டு சப்தம் போட்டது. மாவடுவை வைத்தும் திராட்சையை வைத்தும் சொல்லிவிடக்கூடிய விஷயம் இல்லை இது.

பாஷ்யம் எழுந்தார். மேல்துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார். பெருமாள் சன்னதியில் நிற்கிறவரைப் போல இருந்தது.

"நாமு, அதை எனக்குக் கொடு."

"எதை?"

"மிச்ச நாளை. தம்பதி ரெண்டு பேரும் ஒண்ணுன்னுதானே சொல்லியிருக்கு. உன் அப்பா உன்னை எனக்குத் தாரை வார்த்துக் கொடுத்தாரே, அதே மாதிரி நீ இதை எனக்குத் தாரை வார்த்துக் கொடு. பாக்கியை நான் முடிக்கறேன். வார்த்தை தப்பாது."

நாமகிரி அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "நீங்களா? மோர் சாதத்துக்கு மாவடு இல்லேன்னா தட்டையே நகர்த்திடுவேளே!"

"நகர்த்தமாட்டேன்."

"அரைநாள் தாங்காது."

"அரைநாளாவது பார்க்கலாமே. கொடேன்டி." அவர் கட்டில் ஓரத்தைப் பிடித்துக்கொண்டார். "நீ இல்லாத ஆத்துல உப்பு இருந்து நான் என்ன பண்ணப்போறேன்?"

இத்தனை வருஷத்தில் அப்படி ஒரு வார்த்தை அவர் வாயிலிருந்து வந்ததில்லை. நாமகிரி தண்ணீர் வேண்டும் என்று ரத்னம்மாவைப் பார்த்துக் கையை நீட்டினாள்.

ரத்னம்மா தம்ளரைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். "அளவு தண்ணிதான்மா. இப்பத்தானே குட்சீங்க!"

"குடிக்கலை ரத்னம்மா. இவருக்கு விட்டுக் கொடுக்கணும்."

விஷயம் புரிந்ததும் ரத்னம்மா தானே தம்ளரை அவள் கையில் வைத்து, சாயாமல் தாங்கிப் பிடித்துக்கொண்டாள். பாஷ்யம் இரண்டு கைகளையும் சேர்த்துக் குவித்து நீட்டினார். நாமகிரி உதட்டுக்குள் என்னவோ சொல்லியபடி தண்ணீரை விட்டாள். அது அவர் விரல்களில் வழிந்து ஆஸ்பத்திரித் தரையில் சொட்டியது. ரத்னம்மா துடைக்கவும் இல்லை, திட்டவும் இல்லை. கிண்ணத்தை எடுத்து நீட்டினாள்.

நாமகிரி ஒரு கரண்டிக் கஞ்சியை வாயில் வைத்தாள். கண்ணை மூடிக்கொண்டாள். உப்பின் ருசி நாக்கில் பட்டதும் அவள் தொண்டை ஏறி இறங்கியதை அலர்மேல் பார்த்தாள். பிறகு இரண்டாவது கரண்டி. கிண்ணம் காலியானது.

டாக்டர் பாஷ்யத்தையும் விடவில்லை. உட்காரவைத்துப் பிரஷர் பார்த்தார், மாத்திரை ஏதாவது போடுகிறாரா என்று துருவினார். இல்லை என்று தெரிந்த பிறகு, "தாகத்துக்கு மட்டும் குடிங்க சாமி. பிடிவாதத்துக்குக் குடிக்காதீங்க. தலை சுத்தினா உடனே வந்துடணும்" என்றார்.

சனிக்கிழமை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அலர்மேல் குழந்தையோடு கூடவே வந்து தங்கினாள். பாஷ்யத்தின் சாப்பாட்டைப் பற்றிச் சொல்வதற்கு ஒன்றுமில்லை, ஏனென்றால் அதில் ஒன்றுமே இல்லை. குழம்பு வெறும் புளித்தது, பருப்பு மாவாக இருந்தது, மோர் சாதம் பஞ்சை மென்ற மாதிரி தொண்டையில் நின்றது. மாவடு ஜாடி இருந்த அலமாரியைத் தாண்டும்போதெல்லாம் தலையை மறுபக்கம் திருப்பிக்கொண்டார். இதையா அவள் வாயைத் திறக்காமல் ஒரு மாதத்துக்கு மேல் சாப்பிட்டாள்? சாப்பிட்டுக்கொண்டே எனக்கு மட்டும் உப்பும் உறைப்புமாகச் சமைத்துப் போட்டாளே? முதல் நாளே பாதிச் சாதத்தில் அவருக்கு அது உறைத்தது. தட்டை நகர்த்தவில்லை.

நாமகிரி மெல்ல மெல்லத் தேறினாள். அளந்து வைத்த தண்ணீரை மட்டும் குடித்தாள், அளவைக் காவல் காக்கிற வேலை இவருக்கு. கோலம் முழுசாக வந்தது. பால் பொங்கியது. காலையில் எழுந்து அவள் அடுப்படியில் பாத்திரம் உருட்டுகிற சப்தம் கேட்டால் பாஷ்யம் படுக்கையிலேயே கை கூப்புவார். வேணுவின் ஆட்டோ தெருவில் போனால் ஒரு கும்பிடு. சந்தையில் யாரோ நர்ஸ் உடுப்பில் எதிரே வந்தாலும் கை தானாக எழும்பும். அவருக்கே அது கொஞ்சம் வெட்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் நிறுத்த முடியவில்லை. தான் தண்ணீர் விட்டுத் தொலைக்க இருந்ததை இத்தனை பேர் சேர்ந்து மீட்டுக் கொடுத்திருக்கிறார்களே!

மண்டலம் முடிய இன்னும் இரண்டு நாள் இருந்தபோது பாஷ்யம் கோயிலில் சேவிக்கப் போனார். கோஷ்டி நடுவில் நின்று வழக்கம்போல வாய் பாசுரத்தைச் சொல்லிக்கொண்டிருந்தது. திரை விலகிப் பெருமாள் தெரிந்ததும் அவருக்கு ஆஸ்பத்திரிப் பெஞ்சு ஞாபகம் வந்தது. அவ்வளவுதான். கண் நிறைந்து, கன்னத்தில் வழிந்து, திறந்திருந்த வாயின் ஓரத்தில் இறங்கியது. நாக்கில் பட்டது.

உப்பு.

பாஷ்யம் பாதி வரியில் நின்றுவிட்டார். பக்கத்திலிருந்தவர் முழங்கையால் இடித்தார். எப்படியோ சேவித்து முடித்து, பிரசாதத்துக்குக்கூட நிற்காமல் வீட்டுக்கு ஓட்டமும் நடையுமாக வந்தார்.

"நாமு, போயிடுத்து. விரதம் போயிடுத்து!"

நாமகிரி கூடத்தில் குழந்தைக்குத் தொட்டில் ஆட்டிக்கொண்டிருந்தாள். தொட்டிலை நிறுத்திவிட்டு நிமிர்ந்தாள். "என்ன சாப்பிட்டேள்?"

"சாப்பிடலை. அழுதுட்டேன். வாய்க்குள்ள போயிடுத்து. நன்னா உப்புக் கரிச்சது."

அவள் அவரைப் பார்த்தாள். வேர்த்து விறுவிறுத்து, நாமம் கலைந்து, தப்புச் செய்துவிட்ட முகத்தோடு நின்றார். நாமகிரி சிரிக்கத் தொடங்கினாள். தோள் குலுங்கி, கண்ணில் நீர் வரும்படி, ஆஸ்பத்திரிக்குப் போய் வந்த பிறகு முதல் தடவையாகச் சிரித்தாள். அலர்மேல் சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"அசடு. அதை நானா போட்டேன், நீங்களா போட்டேள்?" அவள் எழுந்து வந்து புடவைத் தலைப்பால் அவர் கன்னத்தைத் துடைத்தாள். "உள்ளே அவன் போட்டு வச்ச உப்புன்னா அது. அதை வேண்டாம்னு சொல்ல நாம யாரு? நான்தான் அது தெரியாம, அவன் போட்டதையும் சேர்த்துக் கரைக்கப் பார்த்தேன். விரதம் ஒண்ணும் போகலை."

"நிச்சயமாச் சொல்றியா?"

"விரதத்தை வாங்கிண்ட பெருமாளுக்குத் தெரியாதா? எதுக்கு அழுதேள், அதைச் சொல்லுங்கோ."

தண்ணீர் செம்பு பாஷ்யத்தின் கைக்கு எட்டுகிற தூரத்தில்தான் இருந்தது. அவர் அதைத் தொடவில்லை.

"நீ இருக்கியே, அதுக்குத்தான்" என்றார்.

நாமகிரி தலைப்பைச் செருகிக்கொண்டு இலை போடப் போனாள்.